லொறிச் சாரதிக்கு அபராதம் போட்டாயிற்று, என் காலுக்கு யார் பொறுப்பு?

மட்டக்குளியான் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில், புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். 16 மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இங்குருகடைச் சந்தியில் கொள்கலன் லொறி ஒன்று நின்றது. பச்சை விழுந்ததும், சிக்னல் போடாமல் இடப்பக்கம் வெட்டினான். பின்பகுதி என்னைப் பைக்கோடு நடைபாதைக் கல்லில் வைத்து அமர்த்திவிட்டது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. யாரோ 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு போன் அடித்து, அம்புலன்ஸ் வந்து, பெரியாஸ்பத்திரி அக்சிடன்ட் சேர்விஸில் கம்பி வைத்தார்கள். இன்றைக்கும் ஸ்டோர் ஏணியில் என்னால் ஏற முடியாது.

மூன்றாம் நாள் வார்டுக்கே பொலிஸ் வந்து வாக்குமூலம் எடுத்தது. எழுதியது சிங்களத்தில். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. ஊசி மயக்கத்தில் கையெழுத்து வைத்தேன். பிறகு லொறி உரிமையாளர் அனுப்பிய ஆள் ஒருவர் பழங்களோடும் 50,000 ரூபாயோடும் ஒரு கடுதாசியோடும் வந்தார். என் மனிசி பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு காசையும் கடுதாசியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போன மாதம் வழக்குக் கூப்பிட்டார்கள். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டான், அபராதம் போட்டார்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து என் ஊன்றுகோலைப் பார்த்து, கோபிக்காதே தம்பி என்றான். அவன் காலில் பாட்டா செருப்பு. அவனிடம் நான் என்ன கேட்பது? “வழக்கு சரி, இனி நீங்கள் வரத் தேவையில்லை” என்று பொலிஸ்காரர் சொல்லிவிட்டார்.

உண்மையிலேயே எல்லாம் முடிந்ததா? லொறி லீசிங்கில் எடுத்ததாம், அப்படியென்றால் உரிமையாளர் யார்? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: லொறிக்கும் நடைபாதைக்கும் இடையில் இருந்த சந்துக்குள் பைக்கை விட்டது நான்தான்.

கொட்டாஞ்சேனை 71 எழுதியது:

தம்பி, உங்கள் மனிசிக்கு முதலில் ஒரு கும்பிடு. அந்தக் கடுதாசியில் “முழுமையான, இறுதியான தீர்வு” என்று ஒரு வரி இருந்திருக்கும். நான் அதில் கையெழுத்து வைத்தவன். ஆமர் வீதியில் டிப்பர் அடித்தது, தோள்பட்டை போனது. இரண்டாவது ஒப்பரேஷன் வேண்டுமென்று டொக்டர் சொன்னபோது நான் வாங்கிய காசு ஏற்கெனவே வீட்டு வாடகையாகப் போயிருந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கிளினிக் போன ஆட்டோக் காசு முதற்கொண்டு எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி இலவசம்தானே, என்ன செலவு என்று எதிர்ப்பக்கம் கேட்கும். வெளியில் எடுத்த எக்ஸ்ரே, பிசியோ, ஊன்றுகோல், எல்லாம் செலவுதான்.

புதுக்கடை கறுப்புக்கோட் எழுதியது:

நான் சட்டத்தரணி. ஆனால் உங்கள் கோப்பைப் பார்க்காதவன், அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முடிந்தது பொலிஸ் வழக்கு. அது அரசாங்கத்துக்கும் சாரதிக்கும் இடையிலானது, அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். தண்டனை கொடுக்கும்போதே காயப்பட்டவருக்கு நட்டஈடு கட்டச் சொல்ல நீதவானுக்கு அதிகாரம் உண்டு, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் சார்பில் எழுந்து கேட்க யாரும் இல்லை. அது போகட்டும். மாவட்ட நீதிமன்றத்தில் போடுகிற நட்டஈட்டு வழக்கு வேறு, அது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆனால் நாளை எண்ணுங்கள். இப்படியான வழக்குக்குக் காலம் இரண்டு வருடம். 1871இல் எழுதிய காலாவதிச் சட்டம் அது, விக்டோரியா மகாராணி போய்விட்டாலும் சட்டம் போகவில்லை. உங்களுக்கு 16 மாதம் போய்விட்டது. மீதி 8. பொலிஸ் வழக்கு நடந்த காலத்தைக் கழித்துத் தரமாட்டார்கள். கோரிக்கைக் கடிதம் அனுப்பினாலும், காப்புறுதிக்காரர் “பார்க்கிறோம், பார்க்கிறோம்” என்று கதைத்துக்கொண்டிருந்தாலும் அந்த மணிக்கூடு நிற்காது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் 25ஆம் மாதம் வருகிறவர்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புவதைத் தவிர நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

யாருக்கு எதிராக? சாரதிக்கும், அவரை வேலைக்கு வைத்த உரிமையாளருக்கும். முதலாளியின் வேலையாக ஓடும்போது சாரதி விடுகிற பிழைக்கு முதலாளியும் பொறுப்பு. லீசிங் என்றால் பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளர் என்று இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். பதிவுசெய்த உரிமையாளர் யார் என்று பாருங்கள். நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்து எடுக்கலாம். கவனம், தலைப்பகுதிக்கு ஓர் இலக்கம், பின்னால் இழுபடுகிற டிரெயிலருக்கு வேறு இலக்கம்.

காசு கடைசியில் வருவது காப்புறுதியிடமிருந்து. மூன்றாந்தரப்புக் காப்புறுதி, அதாவது அந்த வாகனத்தால் அடிபடுகிற மற்றவர்களுக்கான காப்புறுதி, இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓடக்கூடாது, 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தீர்ப்புக் கிடைத்தால் அந்த நிறுவனம் கட்ட வேண்டும். ஆனால் வழக்குப் போடுமுன்னோ, போட்டு 7 நாளுக்குள்ளோ அவர்களுக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். இதை மறந்து, கையில் தீர்ப்பையும் வைத்துக்கொண்டு அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

சந்துக்குள் போனதைச் சொன்னீர்களே, நல்லது. உங்கள் சட்டத்தரணியிடமும் அப்படியே சொல்லுங்கள். அதனால் வழக்கு விழாது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் பிழையைப் பங்கு பிரிக்கும். உதாரணமாக, உங்கள் பக்கம் 30 வீதம் என்றால் நட்டஈட்டில் அவ்வளவு குறையும், மீதி கிடைக்கும்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது, நீதவான் நீதிமன்றப் பதிவறையில் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பது. பொலிஸ் வரைபடமும் சட்ட வைத்திய அறிக்கையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாக வாசித்துக் கேளுங்கள். தமிழிலேயே எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தது. எழுதியதில் பிழை இருந்தால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, சாட்சிக் கூண்டில் வைத்துத் தெரியவரக் கூடாது.

மட்டக்குளியான் எழுதியது:

மிக்க நன்றி சேர். சட்டத்தரணி வைக்கக் காசு இல்லை என்பது ஒரு பக்கம். மற்றது, எனக்குச் சம்பளம் கையில்தான். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. சம்பளக் கடிதம் கேட்டால் முதலாளி முகம் மாறுகிறது. படுத்திருந்த முதல் இரண்டு மாதமும் அரைச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிய மனிதர் அவர். அவரை மாட்டிவிட மனம் வரவில்லை.

நாரஹேன்பிட்டி அக்கா எழுதியது:

தம்பி, காசு இல்லாவிட்டால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் பார்த்துத்தான் எடுப்பார்கள். வாசலில் “நான் முடித்துத் தருகிறேன்” என்று கையைப் பிடிக்கிற தரகர்களைத் தாண்டி உள்ளே போங்கள்.

முதலாளி விஷயத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில்தானே அடிபட்டீர்கள்? தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை 2022இல் திருத்தி, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கிற விபத்தையும் சேர்த்தார்கள். உச்ச வரம்பையும் 20 இலட்சமாக உயர்த்தினார்கள். ஈபிஎஃப் கட்டவில்லை என்பதால் நீங்கள் தொழிலாளி இல்லாமல் போகமாட்டீர்கள். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது முதலாளிக்கு எதிரான கோரிக்கை, லொறிக்காரனுக்கு எதிரானதல்ல. அவர் தொழிலாளர்களுக்குக் காப்புறுதி எடுத்திருந்தால் அவர் சட்டைப்பையில் இருந்து போகாது. மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கோரிக்கையையும் ஒரே சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், ஒன்று மற்றதை இடிக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை 71 எழுதியது:

அரைச் சம்பளம் அனுப்பியது நல்ல மனம்தான், மறுக்கவில்லை. ஏணி ஏற முடியாத கால் உங்களுக்கு, இன்னும் இருபது வருடத்துக்கு.

மட்டக்குளியான் எழுதியது:

இன்று பிஸ்கட் டின்னைக் கொட்டிப் பார்த்தோம். கிளினிக் அட்டை, எக்ஸ்ரே இரண்டு, பிசியோ பில் ஒன்பது இருக்கின்றன. ஆட்டோச் செலவை மனிசி பால்மாக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறாள், எனக்கே தெரியாது. அன்றைக்கு மச்சான் எடுத்த படத்தில் இருப்பது டிரெயிலரின் இலக்கம் மட்டும்தான். தலைப்பகுதி இலக்கம் வழக்கேட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை புதுக்கடைக்குப் போகிறேன். முதலாளியிடம் லீவு கேட்டேன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.