காற்று எடுத்த பிறகும் பத்மினியின் பிரேக் பெடல் இறங்குகிறது

புளியரைக்காரன்:
அப்பாவின் பிரீமியர் பத்மினி, 1979 மாடல். அவர் போன பிறகு ஒன்றரை வருடமாகக் கொட்டகையில் சும்மா நின்றது. ஓணத்துக்குப் புனலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இதிலேயே போக வேண்டும் என்று பிரேக் வேலையைத் தொடங்கினேன். பின் சக்கரங்களில் ஆயில் அழுத்தத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டும் கசிந்தன, புதிது போட்டேன். மனைவி பெடலை மிதிக்க, நான் அடியில் படுத்து நான்கு சக்கரத்திலும் பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை டியூப் வழியே வெளியே எடுத்தேன். இடது பின்னில் ஆரம்பித்து வலது முன்னில் முடித்தேன். டியூபில் குமிழி நின்றுவிட்டது. ஆனாலும் முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலேயே கல் மாதிரி நிற்கிறது. பிரேக் ஆயில் அரை லிட்டர் டப்பா இரண்டு தீர்ந்துவிட்டது. இன்னும் எங்கே காற்று இருக்கும்?

கம்பம் பழைய வண்டி:
அண்ணாச்சி, காற்று இருந்தால் இரண்டாம் மிதியிலும் பஞ்சு மாதிரி அமுங்கும். உங்களுக்குக் கல் மாதிரி நிற்கிறது என்றால் ஷூ, அது உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை விட்டு விலகியிருக்கிறது. முதல் மிதியில் வரும் ஆயில் அந்த இடைவெளியை மூடவே செலவாகிறது. சிலிண்டர் மாற்ற டிரம்மைக் கழற்றினீர்களே, ஷூவை மறுபடி நெருக்கினீர்களா? ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ஷூவாக நெருக்குங்கள். பிடித்ததும், சக்கரம் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். முன் சக்கரத்துக்கும் இதே வேலைதான். நான் இது தெரியாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காற்றையே தேடியிருக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பெடலைத் தரை வரை மிதிக்க விட்டீர்களா? பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். ரொம்ப நாள் நின்ற வண்டியில் அதற்குள் பிஸ்டன் வழக்கமாக ஓடாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். ஆயிலை அடைத்துத் தள்ளும் ரப்பர் கப் அங்கே போய் உரசினால் கிழியும். அதனால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துத்தான் நான் மிதிக்கச் சொல்வேன். சோதிக்க, பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். வெளியே கசிவே இல்லாமல் மெல்ல இறங்கினால் கப் போய்விட்டது.

கொழிஞ்சாம்பாறை:
டப்பாவில் மிச்சம் இருந்தால், திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், உங்கள் ஊர்ச் சாரலில் சொல்லவே வேண்டாம். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். ஆரியங்காவிலிருந்து இறங்கும்போது டிரம் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே தரைக்குப் போகும். பாட்டிலில் பிடித்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். பெயிண்டில் சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

புளியரைக்காரன்:
நன்றி. தம்பி சொன்னதுதான் சரி, பின் ஷூ இரண்டுமே ரொம்பத் தள்ளி இருந்தன. நெருக்கியதும் முதல் மிதியிலேயே பெடல் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்துப் பார்த்தேன், இரண்டு விரல் அளவு இறங்கியது. அன்று மனைவியிடம் “நல்லா கீழ வரைக்கும் மிதி” என்று சொன்னது நானேதான்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டேன். உள்ளே கப்பின் ஓரம் பிய்ந்திருந்தது. தென்காசியில் ரப்பர் கிட் கிடைத்தது. சிலிண்டரின் உள்சுவரில் விரல் நகத்தில் தட்டும் கீறல் ஏதும் இல்லை, அதனால் கப் மட்டும் மாற்றினால் போதுமா?

கம்பம் பழைய வண்டி:
போதும். உள்ளே புது பிரேக் ஆயில் மட்டும் தடவிப் போடுங்கள், கிரீஸ் வேண்டாம். மாட்டியதும் நான்கு சக்கரத்திலும் மறுபடி காற்று எடுக்க வேண்டும். காற்று வெளியேறும் திருகான நிப்பிளை மூடிய பிறகுதான் வீட்டில் மிதிப்பவர் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும், சத்தமாகச் சொல்லிச் செய்யுங்கள். முதல் ஓட்டம் செங்கோட்டைப் பக்கம் சமதளத்தில் இருக்கட்டும். மலைச்சாலையின் எஸ் வளைவுக்கு அதற்கப்புறம் போகலாம், இறங்கும்போது இரண்டாவது கியர்.




புளியரைக்காரன்:
சரி தம்பி. கட்டை அறுத்து வைத்துவிட்டேன், ஞாயிறு காலையில் மாட்டுகிறேன்.