மாப்பிள்ளை, குழாயை மூடினீர்களா?

குழு: தாமிரபரணிச் சொந்தங்கள்

சனிக்கிழமை

மாலை 5.12
நான்: கைக்கோரா என்ற கடலோர ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து 180 கிலோமீட்டர்தான், ஆனால் பெரியவன் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். முதலில் பார்த்த இடம் நிறைந்துவிட்டது. இரண்டாவது இடத்தில் கடைசி வண்டி நாங்கள்.

தாத்தா: தங்குவது எந்த ஓட்டலில்?

நான்: ஓட்டல் இல்லை தாத்தா, வண்டியிலேயேதான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கடற்கரையில் நிறுத்தித் தூங்க வேண்டியதுதான். வாடகை கிடையாது. ஃப்ரீடம் கேம்பிங் என்கிறார்கள்.

தாத்தா: சும்மா கிடைக்கும் இடத்துக்கு ஒரு சொந்தக்காரன் பின்னாலேயே வருவான். யாரிடம் அனுமதி கேட்டீர்கள்?

மாமா நெல்சன்: அப்பா, இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2011-இல் இங்கே நியூசிலாந்தில் ரக்பி உலகக் கோப்பை நடந்ததல்லவா, அதற்குச் சற்று முன்னால் கொண்டுவந்தார்கள். உள்ளாட்சிக் கவுன்சில் நிலத்தில், தடை போடாத இடத்தில் தங்கலாம். அப்புறம் ஆள் பெருகி, ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் காகிதம் பறக்க ஆரம்பித்ததும் 2023-இல் இறுக்கிவிட்டார்கள். இப்போது கழிப்பறை வண்டியோடு பொருத்தியதாக இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அதுதான் கழிப்பறை என்று சொல்லித் தப்பிய காலம் போய்விட்டது.

தாத்தா: புதருக்குப் பின்னால் ஒதுங்கினார்களா? வெள்ளைக்காரர்களா?

மாமா நெல்சன்: எல்லா நிறத்தாரும்தான், அப்பா.

மாலை 5.31
அம்மா: வண்டிக்கு ஒரு பச்சை அட்டை கொடுப்பார்களாம். அதில் நான்கு பேர்தான் தங்கலாம் என்று எழுதியிருக்கிறதாம். அதனால் ஊரிலிருந்து பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தவளை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகக் காய்கிறது.

நான்: அம்மா, அடுத்த முறை ஆறு பேர் வண்டி.

மாமா நெல்சன்: அக்கா, கோபப்படாதீர்கள். அந்த எண்ணிக்கை சும்மா போடுவதில்லை. மூன்று நாள் வெளியுதவி இல்லாமல் ஓட வேண்டும். தலைக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீர். கழுவிய தண்ணீரைப் பிடித்து வைக்கவும் தலைக்கு 12 லிட்டர் தொட்டி. ஒரு சொட்டும் தரையில் விழக்கூடாது. விழுந்தால் அபராதம்.

அம்மா: நாளைக்கு நான்கு லிட்டரா? அதில் அரிசி களைவதா, முகம் கழுவுவதா?

சித்தி: அக்காவை விட்டுவிட்டுப் போனதே நல்லது. ஒரு டம்ளர் கழுவவே அக்காவுக்கு நான்கு லிட்டர் போதாது.

மாமா நெல்சன்: மாப்பிள்ளை, வண்டிக்கு அடியில் ஒரு குழாய் இருக்கும். மூடினீர்களா?

என்னவர்: மூடிவிட்டேன் மாமா.

மாலை 6.05
தாத்தா: கடல் எவ்வளவு பக்கம்?

நான்: முப்பது அடி எடுத்து வைத்தால் அலை. மணல் இல்லை தாத்தா, எல்லாம் சாம்பல் நிறக் கூழாங்கல். அலை திரும்பும்போது கற்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. பெரிய சட்டியில் புளியங்கொட்டையை வறுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

தாத்தா: சத்தம் இருக்கட்டும். 2004-இல் குளச்சலில் பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை. கடலை ஒட்டிப் படுக்க வேண்டுமா?

அம்மா: நானும் இதைத்தான் சொன்னேன். யார் கேட்கிறார்கள்?

மாமா நெல்சன்: அப்பா கேட்பது நியாயம். அங்கே பயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2016 நவம்பர் 14, நள்ளிரவு 12.02. ரிக்டர் என்று நாம் சொல்லும் கணக்கில் 7.8. கைக்கோராவில் கடலின் அடித்தரையே மேலே வந்துவிட்டது. கடல் நண்டும் பாசியும் இருந்த பாறைகள் காற்றில் நின்றன. அந்த வழியாகப் போகும் நெடுஞ்சாலையை மறு ஆண்டு டிசம்பர் வரை மூடி வைத்தார்கள். கரையோரம் வெளுத்துக் கிடக்கும் பாறைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மாமா நெல்சன்: மாப்பிள்ளை, வண்டியின் முகம் சாலையைப் பார்த்து இருக்கட்டும். நாற்காலி, மேசை எதையும் இரவில் வெளியே வைக்காதீர்கள். சாவி ஒரே இடத்தில் தொங்கட்டும். நில அதிர்ச்சி நீண்ட நேரம் இருந்தாலோ, நிற்க முடியாத அளவு பலமாக இருந்தாலோ சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

என்னவர்: வண்டியைத் திருப்பிவிட்டேன் மாமா.

தாத்தா: திருப்பிய படத்தை அனுப்பவும்.

(படம்)

தாத்தா: சரி.

இரவு 8.20
நான்: சின்னவள் கடல்நாய் பக்கத்தில் போக வேண்டும் என்று ஒரே அழுகை. இருபது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது பாறை மேல் மல்லாந்து கிடக்கிறது, பந்தியில் சாப்பிட்டு முடித்த சம்பந்தி மாதிரி.

சித்தி: யார் சம்பந்தி என்று கேட்க மாட்டேன்.

நான்: கைக்கோரா என்றால் மாவோரி மொழியில் சிங்கி இறால் சாப்பாடு என்று பொருளாம். நாங்கள் சாம்பார் வைத்தோம்.

இரவு 9.47
நான்: மாமா, இருக்கிறீர்களா?

மாமா நெல்சன்: சொல் கண்ணு.

நான்: யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து பஸ்ஸில் தனியாக வந்திருக்கும் பாட்டி, எழுபது வயதிருக்கும். கையில் டார்ச். "உங்கள் வண்டி ஒழுகுகிறது" என்றார். இறங்கிப் பார்த்தால் கூழாங்கல் எல்லாம் மஞ்சள். நான் பாத்திரம் கழுவக் கழுவ அவ்வளவும் கீழேதான் போயிருக்கிறது. துவரம்பருப்பு, கறிவேப்பிலை, இரண்டு முருங்கைச் சக்கை எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன.

மாமா நெல்சன்: மாப்பிள்ளை, குழாயை மூடினீர்களா?

என்னவர்: மூடினேன் மாமா. ஆனால் நான் மூடியது நல்ல தண்ணீர்த் தொட்டியின் குழாய். இன்னொன்று பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. வண்டியைக் கொடுத்தவர்கள் டிவியை எப்படிப் போடுவது என்று கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். இதைச் சொல்லவில்லை.

அம்மா: முருங்கைக்காய் எங்கே கிடைத்தது?

நான்: அம்மா, இப்போது அதுவா கேள்வி?

தாத்தா: அந்த அம்மாள் புகார் கொடுத்துவிட்டாரா?

நான்: இல்லை தாத்தா. தன் பஸ்ஸிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து குழாய்க்குக் கீழே வைத்தார். பிறகு அவரே குனிந்து பருப்பைப் பொறுக்கினார். அவர் பொறுக்கும்போது நாங்கள் நின்று பார்க்க முடியுமா? நான்கு பேரும் உட்கார்ந்து கல் கல்லாகப் பொறுக்கினோம். மஞ்சளான கற்களை வாளியில் போட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் எடுத்துவைத்துவிட்டோம். "ஒரு வண்டி இப்படிச் செய்தால் போதும், அடுத்த கோடையில் இங்கே தடைப் பலகை நிற்கும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாமா நெல்சன்: அவர் சொல்வது முழு உண்மை. நான் முதலில் தங்கிய நான்கைந்து இடங்களில் இப்போது பலகைதான் இருக்கிறது.

தாத்தா: நம் வீட்டில் கழனித் தண்ணீரை உன் பாட்டி மாட்டுக்கு வைப்பாள். ஒரு பருக்கை வெளியே போகாது. அந்த வண்டியில் இல்லாதது ஒரு மாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 7.35
நான்: கவுன்சில் சார்பில் ஒருவர் வந்து எல்லா வண்டியிலும் பச்சை அட்டையைப் பார்த்தார். நம் வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு ஒரு டப்பாவைப் பக்கத்து பஸ் பாட்டிக்குக் கொடுத்துவிட்டேன்.

அம்மா: முழு டப்பாவுமா?

காலை 10.10
என்னவர்: மாமா, கழிப்பறையில் சிவப்பு விளக்கு எரிகிறது. பெட்டி நிறைந்துவிட்டது. கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். எப்படி ஊற்றுவது?

காலை 10.13
மாமா நெல்சன்: வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து பெட்டியை நேராக இழுங்கள், சக்கரம் இருக்கும். மூக்கு மாதிரி இருக்கும் குழலைத் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். முக்கியம்: சாய்க்கும்போது மேலே இருக்கும் காற்றுப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருங்கள். அழுத்தாவிட்டால் குடக் குடக்கென்று மேலே தெறிக்கும்.

காலை 10.14
என்னவர்: உங்கள் செய்தி ஒரு நிமிடம் தாமதம், மாமா.

அம்மா: மாப்பிள்ளையைப் பின்வாசல் வழியாக வரச் சொல்.