கடலுக்குப் போகிற நாளில் சுகர் மாத்திரை வேண்டாம் என்கிறார் அப்பா. என்ன செய்வது?

தங்கச்சிமடத்துக்காரி:

அப்பாவுக்கு 54 வயது. ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருவுக்கே வந்து பரிசோதித்தபோது சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருப்பது தெரிந்தது. மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதில் ஒரு குறையும் இல்லை, குறை அப்பாவிடம்தான்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே விசைப்படகு திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் போகும். காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் கரை. அந்த மூன்று நாளும் அப்பா மாத்திரையைத் தொடுவதே இல்லை. பையில் அம்மா வைத்து அனுப்புவது அப்படியே நமத்துப்போய்த் திரும்பி வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. மே மாதம் பார்த்தபோது சர்க்கரை அதிகம் என்று மாத்திரையைக் கூட்டினார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன இரண்டாவது வாரம் அது நடந்தது. சொன்ன நேரம் தவறக்கூடாது என்று ராத்திரி ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டிருக்கிறார். சோறு வெந்துகொண்டிருந்தது. அதற்குள் வலை ஏதோ பாறையில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்து, மடியை இழுத்துக் கொட்டி, இறாலைப் பிரித்து முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வேர்வை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். டிரைவர், "என்ன மாமா, கரையிலயே ஏத்திட்டு வந்துட்டியா" என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். அப்பா குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. யாரோ ஒரு பையன் கருப்பட்டிக் காப்பி கொடுத்த பிறகு தெளிந்திருக்கிறது. மயக்கம் அவருக்குப் பெரிதில்லை, அந்தப் பேச்சுதான் பெரிது. அன்றிலிருந்து கடல் நாளில் மாத்திரை கிடையாது என்று சட்டம்.

போன வாரம் வெறும் வயிற்றில் 210. வாரத்தில் மூன்று நாள் இப்படி விட்டால் என்ன ஆகும்? அப்புறம் ஒன்று. பிரஷருக்கு உப்பு ஆகாது என்று கருவாட்டை அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள். அம்மா கருவாடு காயவைத்து விற்கிறவர். வாசலில் காய்வதைத் தாண்டித்தான் அப்பா வீட்டுக்குள்ளேயே வர முடியும். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

மூலிகை மைந்தன்:

இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் சகோதரி. நாவல் கொட்டைப் பொடியும் ஆவாரம்பூவும் 48 நாள் கொடுங்கள். அப்பா சொல்வதுதான் சரி, மாத்திரையை நிறுத்திவிடுங்கள்.

பாம்பன் வத்தைக்காரன்:

மகளே, உங்கப்பாவை நான் ஏச மாட்டேன். நான் நாட்டுப்படகுக்காரன், எனக்கும் பதினொரு வருஷமாக சுகர். கடலில் மணி ஏது? மீன் படுகிற நேரம்தான் சோற்று நேரம். ஆனால் மாத்திரையை விட்ட என் கூட்டாளி கதையையும் கேள். காலில் கெளுத்தி முள் ஏறியது அவனுக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு மரத்துப்போயிருந்தது. மீன் முள்ளுக்குச் சுடுதண்ணீரில் கால் வைப்பது எங்கள் வழக்கம்தானே. இவனும் வைத்தான். சூடும் உறைக்காமல் பாதம் வெந்துபோய், கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். இப்போது கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறான். நம் தொழிலில் கால் போனால் எல்லாம் போச்சு.

கருவாட்டை மட்டும் குற்றம் சொல்கிறார்கள், படகுக் குழம்பை யாரும் கேட்பதில்லை. நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்க நாங்கள் குழம்பில் அரை லிட்டர் கடல் தண்ணீரையே மொண்டு ஊற்றுவோம். தனியாக உப்பு வேண்டாம். ருசி என்னவோ அதில்தான்! உங்கப்பா படகில் எப்படி என்று கேட்டுப் பார்.

தேவிபட்டினம் அக்கா:

தங்கச்சி, நான் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் திட்டம் தொடங்கி எங்கள் பக்கம் வந்தபோது மகளிர் குழுவிலிருந்து சேர்ந்தேன். மருந்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, அது டாக்டர் வேலை. ஆனால் நீ எழுதியதிலேயே பதில் இருக்கிறது.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்பா அந்த நாளில் என்ன செய்வார்? எங்கள் தெருவில் என்றால் சீட்டாட்டமும் சீனி போட்ட டீயும்தான். உடம்பு அசையாது, சர்க்கரை ஏறும். மே மாதம் ஊசி குத்திப் பார்த்தால் அந்த ஏற்றம்தான் தெரியும். அதற்கு ஏற்ற மாதிரி மாத்திரையைக் கூட்டியாச்சு. ஜூனில் அதே அளவோடு ராத்திரி முழுக்க வலை இழுத்து, சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை சரிந்துதான் விழும். நடுக்கம், வேர்வை, உளறல் எல்லாம் அதன் அடையாளம். 70க்குக் கீழே போனால் இப்படி வரும், பார்ப்பவனுக்குக் குடித்த மாதிரியேதான் தெரியும்.

சுகர் மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடு என்று இருக்கிறதா பார். அதைப் போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த அளவுக்கு இறக்குவது அபூர்வம். அதனால் அப்பாவை நேரில் கூட்டிக்கொண்டு போய், 24 மணி நேரம் கடலில் இருப்பதையும் அன்று ராத்திரி நடந்ததையும் டாக்டரிடம் சொல். கடல் நாளுக்குத் தனி அளவு எழுதித் தருவார்கள். அதுவரைக்கும் மணியைப் பார்க்க வேண்டாம், தட்டு கைக்கு வந்த பிறகு மாத்திரை. பிரஷருக்கு அம்லோடிபின் என்றால் அது சோற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அதை ஏன் விடுகிறார்?

படகில் இன்னொருவருக்கும் இது தெரிய வேண்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பார்த்து, தெளிந்ததும் சோறு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்ப வேண்டியதுதான்.

வத்தைக்கார அண்ணே, நீங்கள் சொன்ன குழம்புக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அரை லிட்டரை ஆறு பேர் பங்கு போட்டாலும் ஒரு வேளைக்கே ஆளுக்கு 3 கிராம் பக்கம். ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டை அடியோடு விடச் சொன்னால் நம் வீடுகளில் நடக்காது. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தரம் தண்ணீரைக் கொட்டட்டும், குழம்புக்கு வேறு உப்பு வேண்டாம், வாரம் ஒரு நாளோடு சரி. மற்ற நாளுக்குப் பச்சை மீன் இருக்கவே இருக்கிறது. சூடையும் நெத்திலியும் மலிவு, இதயத்துக்கும் நல்லது.

மூலிகை அண்ணே, கிட்னியைத் தின்பது வருஷக்கணக்கில் அடங்காத சர்க்கரையும் பிரஷரும். நான் மாத்திரை கொடுக்கிற வீடுகளில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் உண்டு. பொடியை நம்பி மாத்திரையை விட்டவர்கள் அதில் இரண்டு பேர்.

தங்கச்சிமடத்துக்காரி (மூன்று வாரம் கழித்து):

அக்கா, அப்படியே இருந்தது. அட்டையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. அப்பாவின் சீட்டில் வேலை என்கிற இடத்தில் "கூலி" என்று மட்டும் போட்டிருந்தது. என்ன கூலி என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, கடல் ராத்திரிக்கு மெட்ஃபார்மின் மட்டும், கரை நாளுக்குப் பழையபடி என்று இரண்டு நிறக் கவரில் பிரித்துக் கொடுத்தார். மருந்து நமக்காமல் இருக்க அம்மா பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கட்டிக் கொடுக்கிறார். நேற்று வெறும் வயிற்றில் 148.

டிரைவரிடம் நானே போனில் பேசினேன். "சுகர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் ஏசப்போறேன்" என்றார். அப்பாவிடமும் சொல்லிவிட்டாராம். அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் அதே படகில்தான் போகிறார்.

ஊறவைத்த கருவாட்டுக்கு வீட்டில் புதுப் பெயர் வந்திருக்கிறது. "இது கருவாடா, கழுவாடா" என்று அம்மாவைக் கேட்கிறார். படகுக் குழம்பில் கடல் தண்ணீர் இன்னும் நிற்கவில்லை, அது ஆறு பேர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயமாம்.

அவசரத்துக்கு என்று டப்பாவில் போட்டுக் கொடுத்த கருப்பட்டியை முதல் நாளே படகுப் பையன்கள் தின்று தீர்த்துவிட்டார்கள். இப்போது இரண்டு டப்பா கொடுக்கிறோம். ஒன்றின் மேல் "பேதி மருந்து" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.