இருபோக வயலுக்கு வரும் வாய்க்கால் மனைப்பிரிவுக்குள் போய்விட்டது: வழி என்ன?

கேள்வி: அப்பன்திருப்பதிப் பக்கத்து விவசாயி

அனைவருக்கும் வணக்கம். மதுரை அழகர்கோயில் சாலையில் அப்பன்திருப்பதியை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் குடும்பத்துக்கு 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை இருக்கிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பிரதானக் கால்வாயில் பாயும் 45,041 ஏக்கர் இருபோக ஆயக்கட்டில் எங்கள் வயலும் ஒரு துண்டு. தாத்தா காலத்திலிருந்தே மடையிலிருந்து பிரியும் ஒரு வயல்வாய்க்கால்தான் எங்களுக்கும் எங்களுக்குக் கீழே உள்ள ஆறு குடும்பங்களுக்கும் தண்ணீர் தருகிறது.

சென்ற ஆண்டு, எங்களுக்கு மேலே இருந்த நான்கு வயல்களை ஒருவரே வாங்கி, இரண்டடி உயரத்துக்குக் கிராவல் அடித்து, மஞ்சள் வர்ணம் பூசிய கற்களை ஊன்றிவிட்டார். மூன்றடி அகல வாய்க்கால் ஓடிய இடத்தில் ஒன்பது அங்குலச் சிமென்ட் குழாயைப் புதைத்து, அதன்மேல் சாலையும் போட்டாயிற்று. இந்த முறை தண்ணீர் திறந்தபோது குழாயின் வாயில் வைக்கோலும் பிளாஸ்டிக் பாட்டில்களும் அடைத்துக்கொண்டன. தண்ணீர் மேலேயே தேங்கி மனைக்குள் பரவியதே தவிர, எங்கள் வரப்பை எட்டவில்லை. நாற்றங்காலில் நாற்று முப்பது நாளைத் தாண்டி முற்றிக்கொண்டிருக்கிறது.

கேட்டால், "இது எங்கள் பட்டா நிலம், முறையாக அனுமதி வாங்கியிருக்கிறோம்" என்கிறார்கள். உங்கள் வயலையும் கொடுத்துவிடுங்கள் என்று தரகர் வாரந்தோறும் வீட்டுக்கு வருகிறார். விற்க அப்பாவுக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. அந்த வாய்க்காலில் எங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற நில அளவர், மேலூர்

தம்பி, யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போவதற்கு முன் காகிதத்தைக் கையில் எடுங்கள். அந்த நான்கு வயல்களின் புல எண்களுக்கும் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் ஏ பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். வாய்க்காலுக்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருந்து, ஏ பதிவேட்டில் "வாய்க்கால் புறம்போக்கு" என்று பதிந்திருந்தால், அது அரசு நிலம். அதன்மேல் குழாய் புதைக்கவோ சாலை போடவோ பட்டாதாரருக்கு எந்த உரிமையும் கிடையாது. வட்டாட்சியரிடமும் நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரிடமும் மனுக் கொடுத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். அளவையின்போது சில வாய்க்கால்கள் பட்டாவோடு சேர்ந்துபோனதை என் பணிக்காலத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் வட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்களுடையது வயல்வாய்க்கால் என்பதால், அது முழுக்கப் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடவும் வாய்ப்பு உண்டு. அப்போதும் கை விரிக்க வேண்டியதில்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையோடு ஒரு நீர்வழியை அனுபவித்து வந்தவருக்கு அதில் உரிமை உண்டாகிறது. நிலம் கைமாறினாலும் வாங்கியவர் அந்த உரிமைக்குக் கட்டுப்பட்டவரே. ஆனால் தடை ஏற்பட்டது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். எனவே இன்றே எழுத்துமூலமாக ஆட்சேபம் தெரிவித்து, அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு என்று வந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கீழே உள்ள ஆறு பேரும் சேர்ந்து போவது நல்லது.

குழாயைப் பற்றி ஒரு கணக்கு. மூன்றடி அகல வாய்க்காலில் ஓரடி ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினாலும் நீர்வழியின் பரப்பு மூன்று சதுர அடி. ஒன்பது அங்குலக் குழாயின் வாய் அரைச் சதுர அடிகூட இல்லை. அடைப்பே இல்லாவிட்டாலும் ஏழில் ஒரு பங்கு வழிதான் மிஞ்சியிருக்கிறது. மனுவில் இந்தக் கணக்கை எழுதுங்கள். பொறியாளருக்கு உடனே புரியும்.

நகர் ஊரமைப்பு அனுமதி என்பது பெரும்பாலும் மனு செய்த புல எண்களுக்குள் சாலை அகலம் எவ்வளவு, பூங்காவுக்கு எவ்வளவு என்று பார்ப்பது. ஆயக்கட்டு என்பதோ நூறு பேருடைய வயல்களை ஒரே தண்ணீர் கோத்து வைத்திருக்கும் ஏற்பாடு. நடுவில் நான்கு வயல்களை உருவினால் கீழே உள்ளவை தாமாகவே தரிசாகும். பிறகு "விவசாயம் நடக்காத நிலம்தானே" என்று அவையும் மனையாகும். நஞ்சையை மனையாக்குவதற்கு முன் அந்த மடையில் பாயும் எல்லோரையும் கேட்டாக வேண்டும் என்று விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2: கண்ணனேந்தலில் குடியிருப்பவர்

மனை வாங்கி வீடு கட்டியவளாக நான் பேசுகிறேன். எங்கள் பகுதி 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. அப்போது 72 வார்டுகள் 100 ஆயின; சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்தவற்றில் பெரும்பகுதி கண்மாயும் வயலும் சூழ்ந்த ஊர்கள்தான். நாங்கள் வாங்கியபோது வில்லங்கச் சான்று பார்த்தோம், மூலப் பத்திரம் பார்த்தோம். தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

ஐப்பசியில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் மழை பெய்தால், பழைய வாய்க்கால் போன தடத்திலேயே, எங்கள் தெருவின் மூன்றாவது வீட்டு வாசல் வழியாகத் தண்ணீர் வருகிறது. அந்த வீட்டில் இருக்கும் அக்கா கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார். 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம்.

தம்பி, அந்த மனைகளை இன்னும் யாரும் வாங்கவில்லையென்றால், வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் வயலுக்குப் போகாத தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள்தான் நிற்கப்போகிறது. வாங்குகிறவர்கள் உங்களுக்கு எதிரிகள் அல்லர்.

பதில் 3: திருமங்கலம் வட்டம், நிலத்தை விற்றவர்

தம்பி மனம் வருந்தக் கூடாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் எண்பது சென்டை விற்றேன். நடவுக்கு ஆள் இல்லை, கண்மாய் நிறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, மகளின் கல்யாணக் கடன் வேறு. அந்தப் பணத்தில்தான் கடன் அடைந்தது, மகனும் படித்தான். விற்றவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். ஆனால் என் வயலுக்குக் கீழே மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். வாய்க்கால் தூர்ந்து, மறு கோடையிலேயே செடிகள் காய்ந்தன. பத்திரத்தில் "பாசன வாய்க்காலுக்கு மூன்றடி விட்டு" என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் போதும், எழுதச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் இனி விற்க இருப்பவர்களிடமாவது அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர், பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அளவர் ஐயா சொன்னபடி புலப்படம் எடுத்தோம். வாய்க்காலின் மேல்பாதி தனி உட்பிரிவாக, புறம்போக்கு என்றே இருக்கிறது. கீழ்ப்பாதி பட்டாவுக்குள் போகிறது. ஏழு குடும்பமும் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். குழாய்க் கணக்கையும் சேர்த்திருந்தோம். மறு வாரம் நில அளவர் வந்து அளந்து, புறம்போக்கின் இரு ஓரத்திலும் கல் போட்டுவிட்டுப் போனார். பட்டாவுக்குள் இருக்கும் பகுதிக்குப் பதிவு அஞ்சலில் ஆட்சேபம் அனுப்பியிருக்கிறோம்; ஒப்புகை அட்டை வந்துவிட்டது.

நேற்று விடியற்காலையில் அப்பாவும் நானும் கீழ்வயல் சித்தப்பாவும் குழாய் வாயில் அடைத்திருந்ததை மண்வெட்டியால் இழுத்துப் போட்டோம். சாக்கு நிறையக் குப்பை வந்தது. மாலைக்குள் எங்கள் வயலில் பாதி நனைந்தது. முற்றிய நாற்றைத்தான் இன்று நடுகிறோம். கடைமடையில் உள்ள இரண்டு வயல்களுக்கு இன்னும் தண்ணீர் போகவில்லை. முறை வைத்து விடும் தண்ணீர் நிற்பதற்குள் அவர்களுக்கும் பாய வேண்டும் என்பதற்காக, இரவில் எங்கள் மடைவாயை அடைத்துவிடுவது என்று பேசியிருக்கிறோம்.