வேலூர் வெயிலில் பவளத் தொட்டி: சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் சமாளிக்க முடியுமா?

வணக்கம். காட்பாடியில் மொட்டை மாடிக்குக் கீழே வீடு. கடல்நீர்த் தொட்டியில் சோவாந்திட், மஷ்ரூம் என மென்பவளங்கள் மட்டும்தான். கல்பவளங்களுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை, அந்தப் பக்கமே போகவில்லை. கத்திரி வெயிலில் தண்ணீர் 31 டிகிரியைத் தொடுகிறது. மதியமே சோவாந்திட் மூடிக்கொள்கிறது. மஷ்ரூமின் ஓரம் வெளுக்கிறது. சூட்டில் பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசி வெளியேறுகிறது போல. ஃபேன் வைத்தால் சூடு இறங்குகிறது, ஆனால் நீர் ஆவியாகி உப்பு கூடி, ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025-ஐத் தாண்டுகிறது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றியே ஓட்டுகிறேன் (நம்ம ஊர் போர் தண்ணீரை நினைத்தும் பார்க்க முடியாது). அப்புறம் கரண்ட் போனால் அவ்வளவுதான்! சில்லர் வாங்கியே ஆகணுமா, தொட்டி விளக்கு எரியும் நேரத்தை இரவுக்கு மாற்றினால் போதுமா? வேலூர், ராணிப்பேட்டை பக்கம் வளர்ப்பவர்கள் சொல்லுங்களேன்.