தஞ்சாவூர் ஆஸ்பத்திரி பழைய பில் பாக்கி: வசூல் ஏஜென்சி போன் பண்ணுது, கட்டிடலாமா?

வெட்டாத்தங்கரை:
அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், தனியார் ஆஸ்பத்திரி, டிஸ்சார்ஜ் 2021 ஆகஸ்ட். பில் 1,42,000. கட்டினது 95,000, பாக்கி 47,000. அட்மிஷன் பாரத்தில் கையெழுத்து என்னுடையது. இப்போ ஒரு ஏஜென்சி வட்டியோட 71,000 கேட்குது. "இன்னிக்கு 2,000 மட்டும் ஜீபே பண்ணுங்க, இல்லேன்னா சிபில்ல (கடன் பதிவேட்டுல) ஏத்திடுவோம், போலீஸ் வரும்"ங்கிறாங்க. குறுவை நெல் பணம் இப்பதான் அக்கவுண்ட்டில் ஏறியிருக்கு. அனுப்பிடலாமா?

கோர்ட்ரோடு:
அனுப்பாதீங்க தம்பி. அந்த 2,000 போனதும் "மீதியை மூணு மாசத்துல தர்றேன்"னு ஒரு பாரம் வரும். பொறியே அதுதான்.

இந்த மாதிரி பாக்கிக்கு வழக்குப் போட மூணு வருஷம்தான் கெடு. கொரோனாவுக்காக 15.03.2020 முதல் 28.02.2022 வரை உள்ள நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதால, உங்களுக்கு மூணு வருஷம் 01.03.2022-ல ஆரம்பிச்சு 28.02.2025-ல முடிஞ்சது. ஆனா கெடு முடிஞ்ச கடனுக்கும் "தருகிறேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, ஒப்பந்தச் சட்டம் 25(3) படி அது புது வாக்குறுதி. வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் கட்டுறேன்"னு போட்டாலும் அதையும் எழுத்துன்னு வாதாடுவாங்க.

நடுவுல ஏதாவது கட்டினீங்களா?

வெட்டாத்தங்கரை:
2023 மே மாசம் ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல 3,000, செக்கா கொடுத்தோம்.

கோர்ட்ரோடு:
அப்போ கணக்கு மாறுது. கெடுவுக்குள்ள பகுதிப் பணம் கட்டி, அதுக்குக் கட்டினவரோட கையெழுத்தும் இருந்தா, அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூணு வருஷம். செக்குல கையெழுத்து இருக்கே. 2026 மே வரை கெடு இருக்குன்னு வச்சுக்கிட்டுப் பேசுங்க.

மருந்துச்சீட்டு:
சிபில் பயம் வேண்டாம். ஆஸ்பத்திரி கடன் கொடுக்கிற நிறுவனம் இல்ல. பாக்கியை நேரா அங்க ஏத்த முடியாது. ஃபைனான்ஸ் கம்பெனி இஎம்ஐ-யிலோ கிரெடிட் கார்டிலோ கட்டியிருந்தா மட்டும் கதை வேற. போலீஸும் பில் வசூலிக்க வராது, இது சிவில் விவகாரம். வீட்டு வாசல்ல வந்து மிரட்டினா 112.

முதல்ல ஏஜென்சிகிட்ட ஆஸ்பத்திரி கொடுத்த அதிகாரக் கடிதம் கேளுங்க. பிறகு ஆஸ்பத்திரிக்கே ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம்: ஐட்டம் வாரியான பில், கட்டின ரசீதுகளோட கணக்கு, கையெழுத்துப் போட்ட பாரத்தின் நகல். கடிதத்துல "பாக்கி இருப்பது உண்மை"ன்னு மட்டும் எழுதிடாதீங்க, "நீங்கள் கேட்கும் தொகை"ன்னே எழுதுங்க. மருத்துவக் கவுன்சில் விதிப்படி சிகிச்சைப் பதிவேடு கேட்டா 72 மணி நேரத்துல தரணும். ஆனா மூணு வருஷம்தான் வச்சிருக்கணும்னு விதி, 2021 ஃபைல் கிடைக்காமலும் போகலாம்.

பில் வந்ததும் பார்மசி பக்கத்தை விரலை வச்சு வரி வரியா பாருங்க. திருப்பிக் கொடுத்த ஊசி, கையுறை பாக்கெட் கழியாம நிக்கும். இம்ப்ளான்ட் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் நம்பர் இருக்கணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அப்போ இருந்துச்சா? அந்த ஆபரேஷன் திட்டத்துல அனுமதியாகி இருந்தும் தனியா வாங்கியிருந்தா 1800 425 3993-ல புகார் போடுங்க.

குடமுருட்டி:
வட்டி 24,000 எங்கிருந்து வந்தது? பாரத்துல வட்டி விகிதம் இல்லேன்னா, 1978 வட்டிச் சட்டப்படி எழுத்துல நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்துதான் கோர்ட்டில் கேட்க முடியும். போன்ல சொன்னது நோட்டீஸ் ஆகாது.

வைத்தியம் பார்த்தது நிஜம், பில்லும் சரின்னா அசலைக் கொடுத்து முடிக்கிறதுதான் நியாயம்னு நினைக்கிறேன். ஆனா முறையா முடிங்க. தொகையைக் குறைச்சுக் கேளுங்க. மொத்தமா முடியலேன்னா சம்பா அறுவடை பணம் வர்ற மாசியில ஒரு தவணைன்னு கேளுங்க. "இத்தோடு முழுக் கணக்கும் தீர்ந்தது"ன்னு ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் சீலோட கைக்கு வந்தபிறகு பணம், அதுவும் ஆஸ்பத்திரி அக்கவுண்ட்டுக்கு மட்டும். ஏஜென்ட் நம்பருக்கு ஒரு ரூபா போகக்கூடாது.

கோர்ட்ரோடு:
சம்மன் வந்தா மட்டும் அலட்சியம் வேண்டாம். 30 நாளைக்குள்ள பதில் மனு போடணும், அதிகபட்சம் 90 நாள். போகலேன்னா உங்க தரப்பைக் கேட்காம ஒருதலைப்பட்சமா டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) ஆயிடும், அது 12 வருஷம் நிறைவேற்றத்தக்கது. வக்கீல் பீஸ் சிரமம்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்க, போன் 15100. கேஸுக்கு முன்னாடியே லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) பேசவும் அவங்க வழி செய்வாங்க. அங்க ஒத்துக்கிட்டா மேல்முறையீடு கிடையாது, அதனால பில்லைப் பார்த்து முடிச்ச பிறகே போங்க.