‘லேடி ஆட்லிஸ் சீக்ரெட்’ வாசிப்பு அனுபவங்கள்: பெயரை மறைத்த தாய், தேடலை விடாத நண்பன்

வண்டல்:
முடிவு உட்பட எல்லாம் இந்த இழையில் வரும். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். மேரி எலிசபெத் பிராடன் எழுதி 1862-ல் மூன்று பாகங்களாக வந்த நாவல். புராஜெக்ட் குட்டன்பெர்கில் இலவசமாகக் கிடைக்கிறது. அடிக்குறிப்புகளோடு வேண்டும் என்பவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு அல்லது பெங்குவின் பதிப்பை வாங்கலாம்.

“குற்றவாளி யார்” என்று தேடும் கதையாக நினைத்து எடுத்தால் சீக்கிரமே சப்பென்று ஆகிவிடும். லூசி கிரஹாம் என்ற ஏழை ஆசிரியை எதையோ மறைக்கிறாள் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிகிறது. சர் மைக்கேல் ஆட்லி திருமணம் கேட்டுவிட்டுப் போன இரவில், கழுத்தில் கறுப்பு ரிப்பனில் கோத்து உடைக்குள் மறைத்திருந்த மோதிரத்தை எடுத்துப் பார்க்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தில், அவளுடைய நகைப்பெட்டியின் ரகசிய அறைக்குள் குழந்தையின் கம்பளி நூல் காலணி ஒன்றும் இளமஞ்சள் முடிக்கற்றை ஒன்றும் கிடைக்கின்றன. கவனமாகப் படிப்பவருக்கு இவ்வளவே போதும். அதன்பிறகு நம்மைப் பிடித்து வைத்திருப்பது அவள் யார் என்ற கேள்வி இல்லை, அதை எப்படி நிரூபிக்கப் போகிறார்கள் என்பதுதான்.

படிக்கும்போது ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெலன் மால்டன், ஹெலன் டால்பாய்ஸ், லூசி கிரஹாம், லேடி ஆட்லி, கடைசியில் பெல்ஜியத்து மனநலக் காப்பகத்தில் மேடம் டெய்லர். ஐந்தும் ஒரே பெண். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊரையும் எழுதி வைத்தால் இரண்டாம் பாகத்தில் சர் மைக்கேலின் சகோதரர் மகன் ராபர்ட் ஆட்லி, காணாமல்போன தன் நண்பன் ஜார்ஜ் டால்பாய்ஸைத் தேடி ஊர் ஊராக அலையும்போது குழப்பம் வராது.

பழுப்பேடு:
பழைய தாள், பசை வேலை தெரிந்தவர்கள் தொப்பிப் பெட்டிக் காட்சியை நிதானமாகப் படிக்க வேண்டும். லூசி முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பெண்மணியின் வீட்டில் அவள் விட்டுப்போன பெட்டி இருக்கிறது. அதன் மேல் ரயிலில் சுமை ஏற்றும்போது ஒட்டும் முகவரிச் சீட்டுகள் இருக்கின்றன. மிஸ் கிரஹாம் பெயருள்ள சீட்டு இன்னொன்றின் மேல் ஒட்டப்பட்டிருப்பதை ராபர்ட் கவனிக்கிறான். கொஞ்சம் தண்ணீரும் ஸ்பாஞ்சும் கேட்டு வாங்கி, மேல் சீட்டை நனைத்து உரிக்கிறான். அடியில் இருப்பது திருமதி ஜார்ஜ் டால்பாய்ஸ் என்ற பெயர்.

இது கதைக்காகச் செய்த கண்கட்டு இல்லை. மாவுப்பசை காய்ந்து எத்தனை வருடம் ஆனாலும் ஈரம் பட்டால் ஊறி இளகும். மேலிருந்து ஈரத்தை ஒற்றிக் கொடுத்து, பசை இளகும்வரை காத்திருந்து, ஒரு மூலையிலிருந்து தாளை மடக்கியபடி கிடைமட்டமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு நேராக மேலே தூக்கினால் அடித்தாளின் மேல்நாரும் கூடவே பிய்ந்து வந்து எழுத்து போய்விடும். தண்ணீர் அதிகமானால் அடிச்சீட்டும் பெட்டியை விட்டுக் கழன்றுவிடும். இன்று நாம் ஒட்டும் ஸ்டிக்கர் பசைக்கு வெறும் தண்ணீர் பெரும்பாலும் உதவாது.

ராபர்ட் இரண்டு சீட்டுகளையும் உரித்துப் பாக்கெட் புத்தகத்தில் வைத்துக்கொள்கிறான். பெட்டியை விட்டு வந்துவிட்ட சீட்டுக்கு ஆதாரமாக எவ்வளவு மதிப்பு? அது அந்தப் பெட்டியில்தான் இருந்தது என்று சொல்ல இனி ஆள்சாட்சி வேண்டும். வக்கீலுக்குப் படித்தும் வழக்கே நடத்தாதவன் என்று பிராடன் அவனை அறிமுகப்படுத்தியது இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

செம்பருத்தி:
பழுப்பேடு சார் தாளைப் பிடித்துக்கொண்டார், எனக்கு அந்தக் காலணிதான் நாவலின் மையம்.

ஹெலனின் முதல் கணவன் ஜார்ஜ் கைக்குழந்தையையும் மனைவியையும் அவளுடைய குடிகாரத் தகப்பனிடம் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம் தேடிப் போகிறான். மூன்றரை வருடம் ஒரு கடிதம்கூட இல்லை. 1857-ல் வந்த இங்கிலாந்து விவாகரத்துச் சட்டப்படி மனைவி விவாகரத்து கேட்க, கணவன் விட்டுப்போனது மட்டும் போதாது. அவனுடைய பிறன்மனை உறவையும் நிரூபிக்க வேண்டும், அதோடு இரண்டு வருடத்துக்கு மேல் கைவிட்டது போன்ற இன்னொரு குற்றமும் இருக்க வேண்டும். கணவன் மட்டும் மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றை வைத்தே வழக்குப் போடலாம். கடல் கடந்து போனவன்மேல் இவள் எதை எப்படி நிரூபிப்பாள்? இது தெரியாமல் படித்தால் அவள் பெயர் மாற்றியது வெறும் பேராசையாகத் தெரியும்.

குழந்தை ஜார்ஜி சௌத்தாம்ப்டனில் தாத்தாவிடம் வளர்கிறான். “அழகான அம்மையார்” ஒருத்தி வந்தாள், தங்கக் கடிகாரம் தந்தாள் என்று ராபர்ட்டிடம் சொல்கிறான். வந்தவள் தன்னைப் பெற்றவள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. இதே காலத்து ‘ஈஸ்ட் லின்’ (1861) நாவலிலும் தாய் வேறு பெயரில், நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் பிள்ளைகளுக்கே ஆசிரியையாக வருகிறாள். மகன் சாகும்போது பக்கத்திலேயே இருக்கிறாள். அங்கே தாய் அழுகிறாள், வாசகரும் அழுகிறார். பிராடன் அந்த அழுகையை நமக்குத் தரவில்லை, காலணியை மட்டும் பூட்டிய அறைக்குள் வைத்துவிட்டுப் போகிறார்.

அதனால்தான் “இரக்கமற்ற பெண்” என்று முடித்துவிடுவதை நான் ஏற்க மாட்டேன். பழைய வாழ்க்கையின் சுவடே இல்லாமல் ஆக்க நினைப்பவள் தன்னை மாட்டிவிடக்கூடிய பொருளை எதற்கு வைத்திருக்கிறாள்? வேலைக்காரி ஃபீபி, கையில் அகப்பட்ட வைர நகையை விட்டுவிட்டுக் காலணியைத்தான் எடுத்துக்கொள்கிறாள். நகையை விற்றால் ஒருமுறைதான் காசு, இதை வைத்து லூசியைக் காலமெல்லாம் மிரட்டலாம் என்று அவளுக்குத் தெரிகிறது. லூசி மாட்டிக்கொள்வது இங்கேதான் தொடங்குகிறது.

தூக்குச்சட்டி:
நட்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. இரண்டு நட்புகள் இருக்கின்றன. ஒன்று ராபர்ட்–ஜார்ஜ். இன்னொன்று லூசி–ஃபீபி, நட்பு போலவே தெரியும். இருவருக்கும் முகச்சாயல் ஒன்று. ஒரு புட்டி முடிச்சாயமும் கொஞ்சம் ரூஜும் இருந்தால் நீயும் என்னைப் போலத்தான் என்று லூசியே சொல்கிறாள். இதைப் படித்ததும் ஆள்மாறாட்டம் ஃபீபியை வைத்து நடக்கும் என்று எல்லோரும் கணக்குப் போடுவோம். மாறியது வேறு ஆள்: காசநோயில் செத்துக்கொண்டிருந்த மட்டில்டா என்ற பெண்ணை வென்ட்னருக்குக் கூட்டிப்போய், ஹெலன் டால்பாய்ஸ் என்ற பெயரில் புதைத்துவிடுகிறார்கள். டைம்ஸ் பத்திரிகையில் மரண அறிவிப்பும் வருகிறது. சஸ்பென்ஸ் எழுதுபவர்கள் இந்த உத்தியைக் கவனியுங்கள். உண்மையான மாறாட்டத்துக்கு முன்னால், நம்பும்படியான பொய் மாறாட்டம் ஒன்றைக் காட்டிவிட வேண்டும்.

ராபர்ட் செய்யும் தப்பும் முக்கியம். கையில் உள்ள ஆதாரங்களை ஒவ்வொன்றாக லேடி ஆட்லியிடமே சொல்கிறான். சர் மைக்கேலுக்குத் தெரியாமல் அவள் ஊரைவிட்டு ஓடிவிடட்டும் என்பது அவன் எண்ணம். அவள் ஓடவில்லை, அவன் தங்கிய காஸில் விடுதிக்குத் தீ வைக்கிறாள். அறையை மாற்றிக்கொண்டதால் அவன் பிழைக்கிறான், ஃபீபியின் கணவன் லூக் சாகிறான். சாகும் தறுவாயில் லூக் சொல்லித்தான், லேடி ஆட்லி கொல்ல நினைத்துக் கிணற்றில் விழவைத்த ஜார்ஜ் கை முறிந்த நிலையில் உயிரோடு ஏறி வந்தது தெரியவருகிறது. அதாவது அவ்வளவு தேடியும், அந்தக் கொலை நடக்கவே இல்லை என்பதை ராபர்ட் கண்டுபிடிக்கவில்லை.

வண்டல்:
மறுபடி படிப்பவர்களுக்கு: லேடி ஆட்லிக்குப் பைத்தியமா என்று பார்க்க ராபர்ட் வரவழைக்கும் டாக்டர் மாஸ்கிரேவ் வரும் அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். ராபர்ட் முதலில் சொன்னதைக் கேட்டதும், அவள் செய்த எதிலும் பைத்தியத்துக்கான அடையாளம் இல்லை என்கிறார் டாக்டர். ஜார்ஜ் காணாமல் போன விஷயம் வெளியே வந்து, அவளையும் சற்று நேரம் பார்த்துப் பேசிய பிறகுதான் பரம்பரை நோயின் கூறு இருக்கிறது, ஆபத்தானவள் என்கிறார். இந்த ஆதாரங்களை வைத்து எந்த ஜூரியும் தண்டிக்காது என்பதையும் அவரே சொல்கிறார். பெல்ஜியத்துக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதித் தருவது அதற்குப் பிறகு. பிரசவத்துக்குப் பின் தன் தாய்க்கு நேர்ந்ததையும் தனக்கு நேர்ந்ததையும் அவள் வாக்குமூலத்தில் சொல்லும் பக்கத்தை இந்த அத்தியாயத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.